கொல்லம் 1082: ஒரு லீவு வீட்டின் வரலாறு



போன வாரம் ஊர் வீட்டுப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "டீச்சர், இது எந்த ரிசார்ட்? ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். செங்கோட்டையிலிருந்து பண்பொழி போகிற ரோட்டை ஒட்டி இருக்கிற எங்கள் பூர்வீக வீடு அது. ஏசி கிடையாது. வெந்நீர் வேண்டுமென்றால் விறகு வைத்துக் காய்ச்ச வேண்டும். செல்போன் சிக்னல் தார்சாவின் கிழக்கு மூலையில் மட்டும் கிடைக்கும்.

அந்த வீட்டை என்ன செய்வது என்று குடும்பத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. உறவுக்காரர்களுக்குத் தெரியும். பேசுகிற இளையவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீடு எப்படி வந்தது, எப்படி அது 'லீவு வீடு' ஆனது என்பது தெரியவில்லை. 34 வருஷம் வரலாறு நடத்தியவளுக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கொஞ்சம் நீளமாக இருக்கும். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

மச்சில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் வீட்டு மனையின் கிரயப் பத்திரம். தலையில் சங்கு முத்திரை. தேதி 'கொல்லம் 1082ஆம் வருஷம் சித்திரை மாதம்' என்று இருக்கும். என் தம்பி மகன் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, நம்ம வீடு சோழர் காலத்து வீடா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கொல்லம் ஆண்டு என்பது மலையாள நாட்டுக் கணக்கு. ஆவணியில் பிறக்கும். சித்திரை மாதம் என்றால் 825ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, 1907ஆம் வருஷம்.

தமிழ்நாட்டு வீட்டுப் பத்திரத்தில் மலையாளக் கணக்கு எப்படி வந்தது? செங்கோட்டை அப்போது தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர் மகாராஜா சீமையில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். பத்திரத்தில் விலை ரூபாயோடு பணம், சக்கரம் என்றும் எழுதியிருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். செங்கோட்டையிலிருந்து தென்காசி எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே பிரிட்டிஷ் தபால், இங்கே மகாராஜாவின் 'அஞ்சல்'. இந்தத் திருவிதாங்கூர் அஞ்சல் 1951இல்தான் இந்தியத் தபாலோடு கலந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க அஞ்சல் நிலையம் என்று பலகை வைக்கிறோமே, எங்கள் ஆச்சிக்கு அது சின்ன வயசிலேயே வாயில் வந்த சொல்.

பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடாத என் மாணவர்கள் இருக்க மாட்டார்கள். எந்த பார்டர் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேரள எல்லை அங்கிருந்து இன்னும் தள்ளி, புளியரைக்கு மேலே மலையில் இருக்கிறது. பிரானூரில் இருந்தது திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் சீமைக்கும் நடுவே இருந்த பழைய எல்லை. எல்லை போய் எழுபது வருஷம் ஆகிறது. பெயரைப் புரோட்டாக்கடைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

சரி, வீட்டுக்கு வருவோம். எங்கள் கொள்ளுத்தாத்தா வண்டிக்காரர். இரண்டு ஜோடி மாடு, இரண்டு பார வண்டி. ஆரியங்காவுக் கணவாய் வழியாக இங்கிருந்து அரிசியும் துணியும் மேற்கே போகும், அங்கிருந்து மிளகும் பாக்கும் கிழக்கே வரும். அந்தச் சமயத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். 1903இல் செங்கோட்டை வரை வந்தது. 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை போய்விட்டது. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லை அடுக்கிக் கட்டிய பாலம். அந்தக் கல்லும் சுண்ணாம்பும் வேலை நடக்கிற இடத்துக்கு எதில் போயிருக்கும்? மாட்டு வண்டியில்தான். அந்த வண்டிகளில் இரண்டு எங்களுடையவை என்று ஆச்சி சொல்லுவாள். அந்தக் காசில் வாங்கியதுதான் இந்த மனை.

ரயில் பாதைக்குக் கல் சுமந்து வீடு கட்டினார். பாதை முடிந்ததும் வண்டிச் சவாரி படுத்துவிட்டது. ரயிலில் ஒரு நாளில் போகிற சரக்கை மூன்று நாள் மாட்டு வண்டியில் யார் அனுப்புவார்கள்? கொஞ்ச நாளில் ஒரு ஜோடி மாடு விற்றுப் போனது. அடுத்த தலைமுறை ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. எங்கள் தாத்தா மதுரையில் ஹார்வி மில்லுக்குப் போனார். 1892இல் தொடங்கிய மில் அது. அவர் தம்பி ஒருவர் புனலூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனார். கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், இரண்டு பேரும் அதே ரயிலில்தான் போனார்கள்.

வீடு காலியானது அப்போதுதான். லீவு வீடாக அதை யாரும் கட்டவில்லை. வேலை தேடிப் போனவர்கள் திரும்பி வந்து போகிற இடமாக மிச்சப்பட்டது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கேள்வி. திரும்பி வர அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? ரயில் சத்தத்துக்குக் காசு வேண்டும், லீவு வேண்டும். இரண்டுமே எளிதாக இல்லை.

முதலில் காசு. மதுரையிலிருந்து செங்கோட்டைக்கு அப்போது நேர் பாதை கிடையாது. மணியாச்சி போய், திருநெல்வேலி போய், அங்கே வண்டி மாறிச் சுற்றி வர வேண்டும். 1927இல் விருதுநகர், தென்காசி பாதை வந்த பிறகுதான் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று நேராக வர முடிந்தது. தூரம் குறைந்தால் சத்தமும் குறையும். இருந்தாலும் மூன்றாம் வகுப்பு எப்படி இருந்தது என்பதற்கு 1917இல் காந்தி எழுதிய சிறு கட்டுரை இருக்கிறது. பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்ததை அதில் எழுதியிருக்கிறார். 22 பேருக்கான பெட்டி, உட்கார மட்டும் இடம், படுக்கப் பலகை கிடையாது. முதல் வகுப்புக்குக் கட்டணம் ஐந்து மடங்குக்கு மேல், ஆனால் வசதி ஐந்து மடங்கா இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கேட்டிருப்பார். கூட்டமாக அடைந்து போன மூன்றாம் வகுப்பு ஜனங்கள்தான் பயணிகள் வருமானத்தில் பெரும் பங்கைக் கொடுத்தவர்கள். வகுப்பில் இதை நடத்தும்போது, "ரயிலை ஓட்டினது கரியா, கட்டுச்சோறா?" என்று கேட்பேன். பின்பெஞ்சிலிருந்து "கட்டுச்சோறு டீச்சர்" என்று ஒரு குரல் வரும். யாரென்று அவருக்கே தெரியும்.

அடுத்தது லீவு. வெயில் காலத்தில் வேலையை நிறுத்திவிட்டு வேறு இடம் போவது வெள்ளைக்கார அதிகாரிகள் கொண்டுவந்த வழக்கம். சென்னை அரசாங்கமே வெயிலுக்கு ஊட்டிக்கு மூட்டை கட்டியது. அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். மதுரைச் சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைக்கப் போனவர்கள் அவர்கள்; பின்னால் வந்தவர்கள் உல்லாசத்துக்கும் போனார்கள். 1911 ஜூன் 17ஆம் தேதி கலெக்டர் ஆஷ் துரை எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. அவருடைய பிள்ளைகள் கொடைக்கானலில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க மனைவியோடு திருநெல்வேலியில் ரயிலேறி, மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அங்கே வந்து சுட்டது எங்கள் செங்கோட்டைக்காரர் வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். எங்கள் தாத்தாக்கள் வேலை தேடிப் போன அதே பாதைதான்.

கோர்ட்டும் பள்ளிக்கூடமும் மே மாதம் மூடுவது அந்தக் காலத்து ஏற்பாட்டின் மிச்சம். மில்லுக்கு அதெல்லாம் கிடையாது. தாத்தாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. நாலு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதனால் ஆச்சியும் பிள்ளைகளும் பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்கு வருவார்கள், தாத்தா மதுரையில் கைப்பொங்கல் பொங்கிச் சாப்பிடுவார். அவர் ஊருக்கு வந்ததெல்லாம் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான்.

சம்பளத்தோடு லீவு என்ற ஒன்று எப்போது வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரான்ஸில் 1936. மக்கள் முன்னணி அரசாங்கம் தொழிலாளிகளுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது. லீவு கொடுத்தால் போதுமா, போக வேண்டாமா? அதனால் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். கடலையே பார்க்காத பாரிஸ் தொழிலாளிகள் அந்த வருஷம் கடலைப் பார்த்தார்கள். நம் நாட்டில் 1945இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 10 நாள் சம்பளத்தோடு லீவு. 1948 சட்டத்தில் அது 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஆனது.

1946 கோடையில் தாத்தா மதுரையில் ரயிலேறி, சாவும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் ஊருக்கு வந்தார். பத்து நாள் இருந்தார். முதல் நாள் எதிர்வீட்டுக்காரர் வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டாராம். ஒன்றும் ஆகவில்லை, சும்மா வந்திருக்கிறேன் என்றால் நம்பவில்லையாம். 'சும்மா வந்திருக்கேன்' என்பதை ஆச்சி சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் வம்சத்தில் ஒரு ஆம்பிளை சும்மா ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் தலைமுறை வந்தபோது எல்லாம் இயற்கையாக நடப்பது போலத் தோன்றியது. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே மதுரை ஸ்டேஷன். ஹோல்டால், டிரங்குப் பெட்டி, மண் கூஜா. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டின இட்லி, ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை. வழியில் எதுவும் வாங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ராஜபாளையம் ஸ்டேஷனில் வெள்ளரிப்பிஞ்சுக்கு மட்டும் விலக்கு. அரை டிக்கெட் பன்னிரண்டு வயசு வரை என்பதால் என் பெரிய அண்ணனுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பதினோரு வயசு. கரி எஞ்சின் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரித்தூள். பாம்பகோவில் சந்தை தாண்டினால் மேற்கே மலை தெரியும். காற்று மாறும். அந்தக் காற்றுக்காக இன்னொரு கண்ணிலும் கரித்தூள் வாங்கலாம்.

மரப்பலகை மூன்றாம் வகுப்பில்தான் எங்கள் பாதிச் சின்ன வயசு போனது. 1974இல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தார்கள் என்றால், பெயரை மாற்றி இரண்டாம் வகுப்பு என்றார்கள். பலகை பலகையாகத்தான் இருந்தது. மெத்தை வந்தது அதற்கும் சில வருஷம் கழித்து.

இப்போது ஒரு வேடிக்கை. ஊர் பக்கத்தில்தான் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் குற்றால சீசன் எப்போது? தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1ஆம் தேதியை ஒட்டி இறங்கினால்தான் இங்கே சாரல். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். நாங்கள் இருக்கிற ஏப்ரல், மே முழுக்க அருவியில் தண்ணீர் நூலாக விழும், சில வருஷம் அதுவும் இல்லை, பாறைதான். மூட்டை கட்டி ரயிலேறும்போது மலையில் மேகம் இறங்கும். சீசனுக்கு ஊர் ஊராக ஜனங்கள் எதிர்த் திசையில் வந்துகொண்டிருப்பார்கள். நாங்கள் வயிற்றெரிச்சலோடு மதுரைக்குப் போவோம். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்தார், ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள் என்று படிக்கும்போதெல்லாம், அவர்களுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் இல்லையே என்று நினைத்துக்கொள்வேன். மாணவியாக இருந்து, பிறகு டீச்சராகவும் ஆனதில், ஐந்து வயசிலிருந்து ஐம்பத்தெட்டு வயசு வரை நான் ஒரு முழு சீசனைக்கூடப் பார்த்ததில்லை. பெற்ற ஓய்வில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

இதுவரை எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. லீவு வீடு என்றேனே, யாருக்கு லீவு?

ஒரு கோடைக்கு அந்த வீட்டில் இருபத்தைந்து, முப்பது பேர் இருப்போம். பட்டாசலில் வரிசையாகப் படுக்கை விரித்திருக்கும். ஆச்சி, அம்மா, பெரியம்மா, சித்தி நான்கு பேரும் அடுக்களையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. காலையில் பழையது, பத்து மணிக்கு ஒரு பந்தி, மத்தியானம் இரண்டு பந்தி, சாயங்காலம் சுண்டல், ராத்திரி தோசை. முப்பது பேருக்குத் தோசை சுட்டுப் பாருங்கள். புறவாசல் கிணற்றில் இறைத்து இறைத்து அம்மாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். எங்கள் அம்மாவுக்கு மதுரையில் நாங்கள் ஆறு பேர்தான். லீவு என்றால் அவளுக்கு வேலை ஐந்து மடங்கு. 'அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்ப சந்தோஷம்' என்று வாட்ஸ்அப்பில் வரும்போது நான் லைக் போடாததற்குக் காரணம் இதுதான். சந்தோஷம் இருந்தது. அதைச் சமைத்தது நான்கு பேர்.

அந்த நான்கு பேருக்கும் வீட்டில் பங்கு கிடையாது. எங்கள் அத்தைகளுக்கும் கிடையாது. பொம்பளைப் பிள்ளை வந்து போகிறவள் என்பார்கள். பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்களுக்குச் சட்டம் வந்தது, 2005இல் நாடு முழுவதும் எல்லாப் பெண்களுக்கும் வந்தது. இன்று அந்த வீட்டைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் நானும் என் தங்கையும் உட்கார்ந்திருப்பது அதனால்தான். தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் இதை ஒப்புக்கொண்டவர்கள்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ் பெருகியது. மே மாதம் சிறப்பு வகுப்பு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று வந்தது. அந்தப் பாவத்தில் ஆசிரியர் சமூகத்துக்கும் பங்கு உண்டு. மீட்டர் கேஜை அகலப் பாதையாக மாற்ற ஒவ்வொரு பாதையாக மூடினார்கள். விருதுநகர், செங்கோட்டைப் பாதை 2004இல் திறந்தது, திருநெல்வேலி, தென்காசி 2012இல். மலைப் பாதை 2010இல் மூடி 2018இல்தான் திறந்தது. எட்டு வருஷம் ரயில் இல்லாத பதிமூன்று கண் பாலத்தின் கீழே நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். லீவுக்கு ஊருக்கு வருகிற பழக்கம் இந்த இடைவெளியில் அறுந்து போனது. ஒரு தலைமுறைக்கு ஒரு ஐந்து வருஷம் போதும், மறந்துவிடும்.

போன ஆடியில் நானும் தங்கையும் ஆறு நாள் போய் இருந்தோம். செலவுக் கணக்கைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதியோருக்கு இருந்த ரயில் சலுகை, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. ஆனால் மதுரை, செங்கோட்டை பாசஞ்சருக்குச் சலுகையே தேவையில்லை. கொரோனாவுக்குப் பிறகு 30 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 2024 பிப்ரவரியில் மறுபடியும் 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் போய்வர ரயிலுக்கு இருநூறு ரூபாயைச் சுற்றித்தான் ஆனது. காலை வண்டியில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் செங்கோட்டை. அங்கிருந்து வெள்ளைப் பலகை டவுன் பஸ். 2021 மே முதல் பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. கண்டக்டர் கொடுக்கிற அந்தச் சீட்டை வாங்கும்போது ஆச்சி ஞாபகம் வந்தது. பத்து மைல் நடந்து காலணா மிச்சம் பிடித்தவள்.

அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா மதுரையிலிருந்தே கொண்டுபோனோம். காய்கறி செங்கோட்டைச் சந்தையில். பால் பக்கத்து வீட்டில். குளியல் அருவியில், அதற்கு இன்னும் யாரும் மீட்டர் வைக்கவில்லை. ஒரு நாள் மட்டும் ஆட்டோ, பழைய குற்றாலத்துக்கு. மங்குஸ்தான் பழம் ஒரு கிலோ வாங்கியதுதான் எங்கள் ஆடம்பரம். கம்பெனி காலத்தில் இந்த மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் போட்டுத் தோட்டம் வைத்தார்கள் என்ற வரலாற்றைப் பழக்காரரிடம் சொன்னேன். அதற்காக விலையைக் குறைக்கவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஆறு நாளைக்கு 2,860 ரூபாய். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அறை விசாரித்தவர்களுக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும்.

முக்கியமான செலவு வேறு. மேற்குப் பக்கத்து ஓட்டில் பதினெட்டு உடைந்திருந்தது. கொல்லத்துச் சூளை ஓடு, இப்போது அந்த அளவில் வருவதில்லை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேடி வாங்கி மாற்றினோம். ஆட்கூலி தனி. சாரல் நேரத்தில் சட்டத்தில் நீர் இறங்கினால் கரையான் வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது போய்த் தங்கி அடுப்பு மூட்டினால் போதும், இந்த வீடு நிற்கும். புகைதான் மரத்துக்கு மருந்து. பூட்டி வைத்தால் மூன்று மழை தாங்காது.

இனி பேச்சுக்கு வருகிறேன். வீட்டை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்திருக்கிறார், இடித்துவிட்டு லாட்ஜ் கட்டுவார். விலை நியாயமான விலைதான். பங்குதாரர்களில் இரண்டு பேருக்கு உண்மையிலேயே பணம் தேவை. ஒருத்திக்கு வைத்தியச் செலவு, இன்னொருவனுக்குப் பிள்ளை படிப்பு. அவர்களைப் பார்த்து, 'பூர்வீகத்தை விற்கலாமா' என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கொள்ளுத்தாத்தா மாட்டை விற்றார், தாத்தா ஊரை விட்டார், இருக்கிறவர்கள் பிழைப்பதற்காகத்தான். நானும் தங்கையும் பெரிய தம்பியும் பேசி ஒரு யோசனை வைத்திருக்கிறோம். வெளியாள் சொன்ன அதே விலையில் அந்த இரண்டு பங்கையும் நாங்கள் மூன்று பேரும் வாங்கிக்கொள்கிறோம். உறவு என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம். மற்றவர்கள் விற்பதா, வைத்துக்கொள்வதா என்று ஆனி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொள்கிறவர்கள் வருஷத்துக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் ஓட்டுக்கும் வரிக்கும் கரண்டுக்கும் போட வேண்டும். விற்கவும் மாட்டேன், காசும் போட மாட்டேன், வாட்ஸ்அப்பில் மட்டும் அழுவேன் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஹோம் ஸ்டே ஆக்கலாம் என்று சின்னவன் சொன்னதையும் யோசித்தேன். வேண்டாம் என்பது என் கட்சி. கட்டிலும் ஏசியும் போட்டு, வாடகைக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தால் சீசனுக்கு அந்த வீட்டில் நமக்கே இடம் இருக்காது. சும்மா வருகிறவர்களுக்கு ஒரு வீடு இருக்கட்டும்.

இந்த ஆடியிலும் நாங்கள் அங்கே இருப்போம். சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்தாலும் இடம் உண்டு. முதல் நாளே போன் செய்துவிட்டு வாருங்கள், அரிசி போட வேண்டும். அடுக்களை வேலை ஆம்பிளை, பொம்பளை வித்தியாசமில்லாமல் முறை வைத்துத்தான், தோசை சுடத் தெரியாதவர்கள் வரும் முன் கற்றுக்கொண்டு வாருங்கள். பாய் பன்னிரண்டு இருக்கிறது. கொசுவலை இரண்டுதான். சாவி வழக்கம்போல எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும்.